நாற்பத்தேழாவது வீட்டுப் படிவம்

என் கணவருக்கு மூன்று வயதில் நடந்ததெல்லாம் ஞாபகம் இருக்கிறது. நேற்று வாங்கி வரச் சொன்ன கறிவேப்பிலைதான் ஞாபகம் இருக்காது.

இலங்கைத் தேயிலை மலையில், தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டு வாசலில் நின்று பனியைப் பார்த்ததைப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். அம்மாவின் முதுகில் தொங்கிய கொழுந்துக் கூடை, வேலைக்குக் கூப்பிடும் விடியற்காலைக் கொம்புச் சத்தம், தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது காலில் மிஞ்சியிருந்த ஒற்றைச் செருப்பு எல்லாம் மூன்று புத்தகங்களில் வந்துவிட்டன. 1970இல் அந்தக் குடும்பம் ராமேஸ்வரத்தில் இறங்கி, தாயகம் திரும்பியவர்களுக்கான மண்டபம் முகாமில் சில மாதம் இருந்து, பிறகு தாத்தாவின் ஊரான கீழ்பென்னாத்தூருக்கு வந்து சேர்ந்தது. எழுத்தாளர் புகழேந்தி என்றால் வாசகர்கள் "மலையில பொறந்தவராச்சே" என்பார்கள். அதைக் கேட்க அவருக்கும் பிடிக்கும்.

வேங்கிக்காலில் சொந்த வீடு கட்டிக் குடிவந்த பிறகும், "நான் இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை" என்று மேடையில் பேசுவார். எங்கள் கிரகப்பிரவேசத்தில் சாப்பிட்டுப் போனவர்களே உட்கார்ந்து கைதட்டுவார்கள். எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அண்ணாமலை முழுசாக நிற்கிறது. ஊரே பௌர்ணமிக்கு அதைச் சுற்றுகிறது. இவருக்கு மட்டும் அது மலைக் கணக்கில் சேராது.

நாங்கள் இருவரும் ஒரே அரசுப் பள்ளியில் வேலை செய்கிறோம். அவர் தமிழ், நான் கணக்கு. 2001 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தபோது எங்கள் தெருக்கள் அவர் பங்குக்கு விழுந்தன. அவரையும் இன்னும் ஐந்து பேரையும் சரிபார்க்கும் மேற்பார்வையாளராக என்னைப் போட்டார்கள். "வீட்டுல நடக்கறதுதானே சந்திரகலா டீச்சர், இப்ப ஆர்டராவே வந்துடுச்சு" என்றார் தலைமையாசிரியர் கோதண்டராமன்.

மற்றவர்கள் ஒரு நாளைக்கு இருபது வீடு முடித்தார்கள். இவர் நாலு முடித்தார். எங்கே பிறந்தீர்கள், கடைசியாக எங்கே இருந்தீர்கள், ஏன் இடம் பெயர்ந்தீர்கள் என்றெல்லாம் அந்தப் படிவத்தில் கேள்விகள் உண்டு. அப்படி ஒரு படிவத்தை இவர் கையில் கொடுத்தது அரசாங்கத்தின் தப்புதான். இடம் பெயர்ந்த காரணத்துக்கு ஒரு சின்னக் கட்டம் இருந்தது. வேலைக்கு ஒரு எண், கல்யாணத்துக்கு ஒரு எண் என்று போட வேண்டும். இவர் அடுத்த தெரு அப்பாசாமி வீட்டுப் படிவத்தில், கட்டத்துக்கு வெளியே பொடி எழுத்தில், "கிணறு மூன்று வருடம் வற்றிக் கிடந்தது. மாட்டை விற்ற அன்று அழுதிருக்கிறார்" என்று எழுதி வைத்திருந்தார்.

"என்னங்க இது?"

"காரணம்."

"இத மெஷின் படிக்கப் போவுது. மெஷினுக்கு மாட்டப் பத்தி என்ன தெரியும்? வேற படிவத்துல எழுதுங்க."

எழுதினார். மூன்று நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கெடு முடிய மூன்று நாள் இருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய படிவக் கட்டைப் பிரித்துச் சரிபார்த்தேன். நாற்பத்தேழாவது வீடு எங்களுடையது. அதை மட்டும் இரண்டு நிமிஷத்தில் நிரப்பியிருந்தார். என் மாமியார் ஜோதியம்மாளின் வரியில், பிறந்த குழந்தைகள் இரண்டு, உயிரோடு இருப்பவர்கள் இரண்டு. அதாவது இவரும், கூடலூரில் கட்டிக்கொடுத்த இவருடைய அக்கா ரேணுகாம்பாளும்.

"அத்தையக் கேட்டீங்களா?"

"எங்கம்மாவுக்கு எத்தன புள்ளைங்கன்னு எனக்குத் தெரியாதா கலா?"

"கேட்டுத்தான் எழுதணும்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்க. ஊருல இருக்கறவங்கள எல்லாம் மணிக்கணக்கா கேட்டீங்க. பெத்தவங்கள ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா போயிடுவீங்க?"

அவரைக் கொஞ்சம் சீண்டிப் பார்க்க வேண்டும், எனக்கு இருந்த எண்ணம் அவ்வளவுதான்.

அவர் சமையலறை வாசலில் போய் நின்று, தாசில்தார் குரலில் கேட்டார். "அம்மா, அரசாங்கம் கேக்குது. உங்களுக்குப் பொறந்தது மொத்தம் எத்தன?"

மாமியார் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "மூணு" என்றார்.

"ரெண்டும்மா" என்று இவர் சிரித்தார்.

"பெத்தது நானா, நீயா?"

சிரிப்பு நின்றது. மாமியார் கீரைக் காம்பைக் கீழே வைத்தார்.

"உனக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான். புகழேந்திங்கறது அவன் பேரு. மலையில பொறந்தவன் அவன்தான். கப்பல்ல கூட்டிக்கிட்டு வந்தோம். மண்டபம் கேம்ப்ல காய்ச்சல் கண்டு நாலே நாள்ல போயிட்டான். மூணு வயசு. அப்ப நீ என் வயித்துல. ஒரு மாசத்துல அங்கயே பொறந்த. குடும்ப அட்டையில அவன் பேர அடிக்கச் சொல்லணும்னு உங்கப்பா கெளம்பினாரு. அந்தப் பேர அடிச்சா நான் கடல்ல போய் விழுந்துடுவேன்னேன். அப்புறம் அந்தப் பேரையும் பொறந்த தேதியையும் உனக்கே வெச்சிட்டோம். ரேணுவுக்குத் தெரியும். வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

என் கணக்கு மூளை வெட்கமே இல்லாமல் வேலை செய்தது. சான்றிதழில் இவர் பிறந்த வருடம் 1967. நிஜத்தில் 1970. நான் பிறந்தது 69. ஐந்து வருடமாக என்னைவிடச் சின்னவரோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் தான் மற்ற எல்லாரையும்விடக் குட்டையாக இருந்ததைப் பற்றி இவர் ஒரு கட்டுரைகூட எழுதியிருக்கிறார். தேயிலைத் தோட்டத்தில் பட்டினி கிடந்து வளர்ந்த உடம்பு என்று அதில் காரணம் சொல்லியிருந்தார்.

"அப்ப அந்தப் பனி? கொம்புச் சத்தம்? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கேம்மா" என்றார்.

"அதெல்லாம் அவன் பார்த்ததுப்பா. நீ லேசுல சோறு திங்க மாட்ட. அவன் பண்ணதையெல்லாம் கதையா சொல்லிச் சொல்லித்தான் ஊட்டுவேன். நீ பண்ணதுன்னே நெனச்சுக்கிட்ட. நானும் விட்டுட்டேன்."

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்று புத்தகங்களின் பின்னட்டையிலும் அந்த மலையின் பெயர் இருக்கிறது.

"நான் அங்க பொறக்கவே இல்லன்னா, நான் எழுதினதெல்லாம் பொய்யா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். எனக்குப் பயமாக இருந்தது. இனி இந்த மனிதர் பேனாவைத் தொட மாட்டார் என்றே நினைத்தேன்.

மாமியார்தான் பதில் சொன்னார். "பொய்யின்னு யாரு சொன்னா? கலா மத்தியானத்துல எனக்குப் படிச்சுக் காட்டுவா. அந்தச் செருப்பு வர்ற எடத்த மறுபடி படி, மறுபடி படின்னு கேப்பேன். எம்புள்ள வந்து பேசற மாதிரி இருக்கும். அவன் வளந்து, படிச்சு, எழுதிக்கிட்டு இருக்கான்னு நெனச்சுக்குவேன்."

மாமியார் இவருடைய நடையை ரசிக்கிறார் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். முன்பு ஒருமுறை அதை இவரிடம் சொல்லப் போய், இவர் இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் திரிந்திருக்கிறார்.

வெகுநேரம் கழித்து அவராகவே எழுந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். தன் வரியில் பிறந்த இடத்துக்கு நேரே மண்டபம் என்று எழுதினார். அம்மாவின் வரிக்கு வந்தார். பிறந்தது மூன்று என்று போட்டார். உயிரோடு இருப்பவர்கள் என்ற அடுத்த கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

முப்பத்தொரு வருடமாக எந்தக் காகிதத்திலும் அந்தப் பிள்ளை சாகவில்லை. பள்ளிக்கூடம் போயிருக்கிறான், பி.எட். முடித்திருக்கிறான், என் கழுத்தில் தாலிகூடக் கட்டியிருக்கிறான்.

"எழுதட்டுமாம்மா?"

மாமியார் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "எழுதிடுப்பா" என்றார்.

இரண்டு என்று எழுதினார். மேற்பார்வையாளர் கையெழுத்தை நான் போட்டேன்.

மாமியார் பின்கட்டுக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். நான் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ஒரு மணி சுமாருக்குப் பக்கத்து வீட்டு ஜாஹிரா தயிருக்கு உறை கேட்டு வந்தாள். எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னக்கா, இன்னும் சமைக்கலையா?"

"என் மூத்த பையன் தவறிட்டாம்மா" என்றார் மாமியார்.

ஜாஹிரா திகைத்துப்போய் என் கணவரைப் பார்த்தாள். அவர் நகர்ந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "எங்க அண்ணன்" என்றார்.