சுறா எண்ணெய் பூசிய பலகை

அன்றைக்கு ருகையாவின் அடுப்படிக்குள் யாராவது எட்டிப் பார்த்திருந்தால், உள்ளே ஒரு தோணியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். வாடை அப்படி.

காரணம் அவள் புருஷன் முஹ்யித்தீன். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியை நடத்துகிற தண்டல். தங்கமான மனுஷர். தங்கமான மனுஷர்கள் வீட்டு வேலையில் இறங்கினால்தான் நமக்குப் பயம்.

உலக யுத்தம் முடிந்த வருஷம் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் ருகையாவின் வலது முழங்கால் மடங்காமலே போய்விட்டது. நிற்கலாம், மெல்ல நடக்கலாம். தரையில் உட்கார முடியாது. அவர்கள் ஊரான காயல்பட்டினத்தில் அப்போது யார் வீட்டிலும் அடுப்பு தரையில்தானே இருந்தது. அதனால் சமையல் அவள் லாத்தா என்று கூப்பிடும் அக்கா பதுருன்னிஸாவின் கைக்குப் போயிற்று. லாத்தா புருஷனை இழந்தவள், அதிகம் பேசாதவள். ருகையா நாற்காலியில் உட்கார்ந்து, தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடலில் கிடந்து வருகிற மனுஷருக்குத் தன் கையால் ஒரு பிடி சோறு ஆக்கிப்போட முடியவில்லையே என்று அவளுக்கு ஆறவே இல்லை. லாத்தாவுக்கு அடுப்படி ராஜ்யம் பிடித்துப்போய்விட்டது, இனிமேல் விடமாட்டாள் என்ற நினைப்பும் உள்ளுக்குள் அரித்தது.

முஹ்யித்தீன் கொழும்பில் ஒரு பங்களாவில் சமையற்காரர் நின்றுகொண்டே சமைப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். அவ்வளவுதான், வீட்டில் சுத்தியல் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அடுப்புக்குச் செங்கல்லில் ஒரு மேடை கட்டினார். அதை ஒட்டி, அரியவும் பிசையவும் தேக்குப் பலகை பதித்தார். உடைத்துப்போட்ட தோணியிலிருந்து வாங்கிய பலகைகள் அவை. ஒன்று கறுத்தும் ஒன்று வெளுத்தும் இருந்தன. நிறம் ஒத்துவருவதற்காகத் தேயிலையைக் கெட்டியாகக் காய்ச்சி, துருப்பிடித்த ஆணிகளை அதில் ஊறப்போட்டு, துணியால் தொட்டுத் தொட்டுப் பூசினார். பலகை அழகாகக் கறுத்தது. அத்தோடு விட்டிருந்தால் ஊரே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கும்.

தண்ணீர் படுகிற மரத்துக்குச் சுறா எண்ணெய்தான் பூசவேண்டும் என்பது தோணிக்காரர்களின் தீராத நம்பிக்கை. முஹ்யித்தீன் பூசினார், காயவிட்டார், மறுபடியும் பூசினார். பிறந்ததிலிருந்து அந்த வாடையிலேயே கிடந்த மூக்குக்கு ஒன்றுமே தெரியவில்லை. ருகையாவின் தோளைத் தட்டி, “திரும்பி வரும்போது ஒன் கையாலதான் சோறு” என்று சொல்லிவிட்டுத் தோணி ஏறிப் போய்விட்டார்.

தெருப் பூனைகள் அத்தனையும் அடுப்படி ஜன்னலில் வரிசை கட்டின. ருகையா பிடிவாதமாக அந்தப் பலகையில் மாவு பிசைந்து ரொட்டி சுட்டாள். ரொட்டியில் மீன் எண்ணெய் மணத்தது. வாயில் வைத்தவள் துப்பிவிட்டு, பலகையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வந்த வாழ்வு போய்விட்டது. லாத்தா இதைப் பெயர்த்து வீசச் சொல்வாள், பழையபடி தரை அடுப்பு, பழையபடி நாற்காலி.

பதுருன்னிஸா வந்து பலகையை முகர்ந்து பார்த்தாள். ஜன்னலில் இருந்த பூனைகளைப் பார்த்தாள். “வெந்நி போடுளா” என்றாள், அவ்வளவுதான்.

சாம்பலும் சுண்ணாம்பும் கரைத்த வெந்நீரை ஊற்றி இரண்டு பேரும் தேய்த்தார்கள். கண்ணாடிச் சில்லால் சுரண்டி, மணல் போட்டு, தேங்காய் நாரால் மறுபடியும் தேய்த்தார்கள். லாத்தாவின் விரல்கள் சுண்ணாம்பில் வெந்துபோயின. வாடை போனபோது நிறமும் கூடவே போயிருந்தது. தான் குடிப்பதற்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த கொழும்புத் தேயிலை முழுவதையும் லாத்தா சட்டியில் கொட்டிக் காய்ச்சினாள்; ருகையா துருப்பிடித்த ஆணிகளை எடுத்துவந்து அதில் போட்டாள். சாயம் நன்றாகக் காய்ந்த பிறகு தேன்மெழுகைத் தேங்காய் எண்ணெயில் உருக்கி, சூடு ஆறுவதற்குள் பூசி, பழைய துணியால் பளபளக்கும்வரை துடைத்தார்கள். பூனைகள் மனம் வெறுத்து வேறு வீடு பார்த்துப் போயின.

முஹ்யித்தீன் திரும்பி வந்த அன்று ருகையா நின்றுகொண்டே மசாலா கூட்டி, குழம்புக்கு மீன் ஆணம் காய்ச்சி, சோறு வடித்தாள். அவருக்குத் தன் கையாலேயே பரிமாறினாள். அல்லாஹ்வுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாளோ, அவளுக்கே தெரியாது. அவர் வழித்து வழித்துச் சாப்பிட்டார். பிறகு ஈரக்கையோடு போய்ப் பலகையைத் தடவிப் பார்த்தார்.

“பாத்தியா மினுமினுப்ப. சுறா எண்ணெய்க்கு ஈடு உண்டா?”

ருகையா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டினாள். ஒரே ஒரு குறைதான் என்றாள். மேடை கொஞ்சம் உயரமாகிவிட்டது, குள்ளமான லாத்தாவுக்கு அது நெஞ்சுவரை வருகிறது, பாவம், முழங்கையைத் தூக்கிக்கொண்டுதான் அரிகிறாள்.

“நா ரெண்டு வரி செங்கல் கொறச்சுத்தான் கட்டப் போனேன், ரெண்டு பேருக்கும் தோதா இருக்கட்டும்னு” என்றார் அவர். “ஒன் லாத்தாதான் கதவுக்குப் பொறத்தால நின்னுக்கிட்டு, ‘குனிஞ்சா அவ காலு வலிக்கும், அவ இடுப்புக்கு வைங்க, அது அவ அடுப்படி’ன்னு ஒரே பிடியா நின்னாங்க.”

ருகையா பின்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இந்த லாத்தாவைப் போய் ராஜ்யம் பிடித்தவள் என்று நினைத்தோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது.

பதுருன்னிஸா பின்கட்டில் சட்டி கழுவ உட்காரப் போனாள். ருகையா அவள் கையிலிருந்து சட்டியை வாங்கி வைத்துவிட்டு, தன்னுடைய நாற்காலியில் அவளை உட்கார வைத்தாள். தட்டில் சோறு போட்டு, ஆணம் ஊற்றி, நடுத்துண்டு மீனாகப் பார்த்து வைத்தாள்.

“நீ சாப்பிடு லாத்தா. நா நின்னு பாக்கேன்.”

பதுருன்னிஸா ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். தங்கையின் முகத்தைப் பார்க்காமல், “உப்பு கொறவு” என்றாள்.

சொல்லிவிட்டு, மறுசோற்றுக்குத் தட்டை நீட்டினாள்.