ஓரிக்கைப் பாலைவனம்

காஞ்சிபுரத்தில் ஏழு பிறவிப் பாவமும் தொலைய ஆகும் செலவு ஐந்து ரூபாய். வரதராஜப் பெருமாள் கோயிலில் டிக்கெட் வாங்கி, படியேறி, கூரையில் ஒட்டியிருக்கும் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தடவிவிட்டு இறங்கினால் ஆயிற்று. இதைவிட மலிவு எந்த ஊரிலும் கிடையாது என்று மயில்வாகனம் முப்பது வருடமாக வெளியூர்க்காரர்களிடம் சொல்லிவருகிறார். சொல்வதற்குக் காசு கேட்பதில்லை. சொல்லி முடித்ததும் தன் ஆட்டோவில் ஏற்றி ஒரு பட்டுக்கடை வாசலில் இறக்குவார். கமிஷன் அங்கே.

அன்று மே மாதம் முப்பத்தொன்று. அந்த மாதம் முழுக்க அவர் பேரில் ஒரு புடவைகூட விழவில்லை. "இன்னிக்குள்ள ஒண்ணாவது உன் பேர்ல ஏறணும்பா. இல்லன்னா நாளையிலேர்ந்து வாசல்ல லோகேஷ்தான்" என்று கடை முதலாளி சீனிவாசன் சொல்லிவிட்டார். லோகேஷ் இருபத்து மூன்று வயதுக்குள் நான்கு பாஷையில் பொய் சொல்லப் பழகியவன்.

காலையில் மாட்டியது உதயகுமார், சந்தியா என்று ஒரு பெங்களூர் ஜோடி. போன வாரம்தான் ராஜஸ்தான் பக்கம் ஏதோ கோட்டைப் பட்டணத்தையும் பாலைவனத்தையும் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். பேசினால் வாயிலிருந்து இன்னும் மணல் உதிர்ந்தது. கோபுரத்தைக் காட்டினால், "அங்க ஜன்னல் வேலையே இதவிட நுணுக்கம்." காந்தி ரோட்டைக் காட்டினால், "பஜாருன்னா அதுதான் பஜார். இங்க எல்லாம் கண்ணாடியும் ஏசியும்." கல்லில் செதுக்கிய சங்கிலியின் கீழே நின்று உதயகுமார் கொட்டாவி விட்டான். ஒட்டகச் சவாரிக்கு ஆயிரத்தைந்நூறு கேட்டவனை அடித்துப் பேசி ஆயிரத்து நானூறுக்கு இறக்கிய வீரத்தை மட்டும் இரண்டு முறை சொன்னான். நானூறுக்கு முடிய வேண்டிய பேரம் என்பது மயில்வாகனத்துக்குக் காதில் விழுந்தவுடனே தெரிந்தது. ஒட்டகத்துக்கும் தெரிந்திருக்கும்.

சந்தியா அடிக்கடி போனை வாய்க்கருகே பிடித்துத் தன் அபிப்பிராயங்களைப் பதிவு செய்தாள். "ஓல்டு மார்க்கெட் சிட்டி. டெம்பிள்ஸ் ஓகே. பட், சோல் இல்ல." ஐந்து ரூபாய்க்குப் பாவம் தொலைத்துத் தரும் ஊருக்கு ஆன்மா இல்லையாம்.

பல்லியைத் தடவி இறங்கியவள் நேராக அவரிடம் வந்தாள். "அண்ணா, நீங்க கடைக்காரங்ககிட்ட கமிஷன் வாங்குவீங்களா? அங்க ஒரு கைடு எங்கள நல்லா ஏமாத்திட்டான். கமிஷன்னு தெரிஞ்சா அந்தக் கடையில ஒரு கர்சீப்கூட வாங்க மாட்டோம்."

"கமிஷனா? இந்தப் பெருமாள் மேல சத்தியமா அந்தப் பழக்கமே நமக்குக் கிடையாதும்மா."

மயில்வாகனம் சைவக் குடும்பம். பெருமாள் இருக்கும் சின்ன காஞ்சிபுரத்தில் செய்த சத்தியம், சிவன் இருக்கும் பெரிய காஞ்சிபுரத்துக் கணக்கில் ஏறாது என்பது அவர் துணிபு.

"எல்லாம் சரி, ஒரு டெசர்ட் இருந்திருந்தா நல்லாருந்திருக்கும்" என்றான் உதயகுமார்.

அந்த இடத்தில் அவருக்குப் பொறுமை போயிற்று. "ஏன் சார் இல்ல? இருக்குது. குந்துங்க."

நேராக ஓரிக்கைப் பாலத்தடிக்கு ஓட்டினார். பாலாறு வெள்ளை வெளேரென்று கிடந்தது. சொட்டுத் தண்ணீர் இல்லை. சீமைக் கருவேலம், உடைந்த பாட்டில், ஒரு செருப்பில்லாத நாய். மூஞ்சியில் அறைந்த மாதிரி இருக்கும், வாயை மூடிக்கொண்டு கடைக்கு வருவார்கள் என்பது அவர் திட்டம்.

"செம லொகேஷன்ணா" என்று இறங்கி ஓடினான் உதயகுமார். ஆறு செத்துக் கிடக்கும் இடத்தில் அவனுக்கு ஊரின் ஆன்மா அகப்பட்டுவிட்டது. இதுகளை மடையர்கள் என்றால் மடை கோபித்துக்கொள்ளும் என்று நினைத்தபடி மயில்வாகனம் ஆட்டோ நிழலில் நின்றார்.

"அண்ணா, அந்தத் துண்ட தலைப்பாகையா கட்டிக்கினு வந்து நில்லுங்களேன்" என்றாள் சந்தியா, அவர் பேச்சு மாதிரியே பேசிக்காட்டி. "உங்க முகத்துல ஒரு ராஜ களை இருக்கு. செருப்பு மட்டும் வேணாம்."

மடையர்கள் சொன்னால் என்ன, ராஜ களை ராஜ களைதானே. கட்டினார், செருப்பைக் கழற்றினார், மீசையை ஒதுக்கிக்கொண்டு நின்றார். கத்திரி முடிந்தும் தணியாத வெயில், பகல் பன்னிரண்டரை மணி. பதினோரு படம் எடுத்து முடிப்பதற்குள் உள்ளங்கால் அப்பளம் மாதிரி கொப்பளித்திருந்தது.

சீனிவாசன் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டிவருகிறவன் பார்ட்டிக்கு முன்னால் வாசற்படி மிதிக்க வேண்டும். கல்லாவிலிருக்கும் அம்சா முகத்தைப் பார்த்ததும் பேரைக் குறித்துக்கொள்வாள். வாய் திறக்க வேண்டியதில்லை. பின்னால் நுழைந்தவன், பில் போடும் முன் 'இது என் பார்ட்டி' என்று எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும். தரகர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்ட ஒரு காலத்தில் ஏற்பட்ட நியாயம் அது.

முப்பது வருடத்தில் மயில்வாகனம் பின்னால் நுழைந்ததே கிடையாது. அன்று ஆட்டோவை நிறுத்தி, வெந்த காலைச் செருப்புக்குள் நுழைக்கப் பார்ப்பதற்குள், லோகேஷ் கண்ணாடிக் கதவைத் திறந்து, "வாங்க மேடம்" என்றான். இரண்டு பேரும் உள்ளே போய்விட்டார்கள்.

அவர் நொண்டிக்கொண்டு மூன்றாவதாகப் படி ஏறினார். சுவரோரம் நின்றார். மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை, முப்பத்திரண்டாயிரம். உதயகுமார் அடித்துப் பேசி முப்பத்தோராயிரத்து எண்ணூறுக்கு இறக்கினான். முதலாளி தோற்றவர்போலத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அம்சா பேனாவைத் திறந்தாள். நல்ல பெண், அவர் காலையும் பார்த்தாள், தேதியையும் பார்த்தாள்.

"மயிலண்ணா, இவுங்க உங்க பார்ட்டியா?"

சந்தியா திரும்பினாள். ஆமாம் என்றால் புடவை மடித்தபடி அலமாரிக்குத் திரும்பிவிடும். இல்லை என்றால் அவர் பேர் ஏறாது. லோகேஷ் கதவைப் பிடித்தபடியே நின்றான்.

"நான் தண்ணி குடிக்க வந்தேம்மா."

"தண்ணி அந்தாண்ட இருக்குது அண்ணாத்தே" என்றான் லோகேஷ்.

"நாங்களே கண்டுபிடிச்ச கடை மேடம்" என்று உதயகுமார் அம்சாவிடம் நிமிர்ந்து சொன்னான். சந்தியா போனை வாய்க்கருகே வைத்தாள். "காஞ்சிபுரத்துல ஒரே ஒரு நேர்மையான ஆள்..."

அவர் தண்ணீர் குடித்தார்.

சாயங்காலம் போட்ட கணக்கு இது. ஆட்டோ வாடகை பேசியது அறுநூறு. உதயகுமாரின் பேரம் போக வந்தது ஐந்நூற்றைம்பது. பெட்ரோல் நூற்று நாற்பது, காலுக்குக் களிம்பு அறுபத்தைந்து. கையில் முந்நூற்று நாற்பத்தைந்து. கடை வாசல், நாளை முதல் லோகேஷ் பேரில். கமிஷன் வாங்கும் பழக்கமில்லை என்று பெருமாள் மேல் செய்த சத்தியம் அன்று மாலைக்குள் நிஜமாகிவிட்டபடியால், பல்லி டிக்கெட் தேவையில்லை. அந்த வகையில் மிச்சம் ஐந்து ரூபாய்.