சிலுவையில் அறைந்த தாளில் என் கையெழுத்து

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, கேட்டு வாங்கப்பட்டது. எங்கள் சபைப் பத்திரிகையின் ஆசிரியர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். இன்று காலை போனில் சொன்னார்: "அடுத்த இதழுக்கு ஒரு கதை வேணும் தம்பி. சிலுவைன்னா விசுவாசிக்கு என்ன அர்த்தம்னு புரியணும். கடைசியில யாராவது மன்னிக்கணும். ஒரு பக்கம் போதும்."

கணக்கு டீச்சருக்கு விடை முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

தொடக்கம்: வானம் இருண்டது. குன்றின் மேல் மூன்று மரங்கள்... (வேண்டாம். இதை ஏற்கெனவே நான்கு பேர் எழுதிவிட்டார்கள், என்னைவிட நன்றாக.)

2

இன்னொரு தொடக்கம். பெரிய வெள்ளியன்று எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கொரு தாளில் தன் பாவத்தை எழுதி, மடித்து, பீடத்தின் முன் நிற்கும் மரச்சிலுவையில் ஆணியால் அறைய வேண்டும். நமக்குப் பதிலாக அவர் சுமந்தார் என்பதற்கு அடையாளம். ஆராதனை முடிந்ததும் பெண்கள் சங்கத்தார் ஆணிகளைப் பிடுங்கி, தாள்களைப் பிரிக்காமல் எரிப்பார்கள்.

நேற்று ஒருவன் வந்தான். எழுத்தாளன் என்று வைத்துக்கொள்வோம். (யாரென்று கேட்காதீர்கள். கற்பனைப் பாத்திரம்.) பாவத்தை மூன்று முறை திருத்தி எழுதினான். சுத்தியலுக்காக வரிசையே காத்திருக்க, ஒரு காற்புள்ளியை இடம் மாற்றினான். எதை எழுதினாலும் விடாத பழக்கம், கீழே கையெழுத்தும் போட்டான். மடிக்க மறந்து, எழுத்து வெளியே தெரிய அறைந்துவிட்டு, மனசு லேசாகி, வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டான்.*

* அன்று உபவாசம் என்பது கை கழுவும்போதுதான் நினைவுக்கு வந்தது.

3

இந்த வருடம் ஆணி பிடுங்கியது அவன் அக்கா. தாளில் இருந்தது இதுதான்:

'அன்று அத்தான் இரண்டு முறை கூப்பிட்டார். பெயரைப் பார்த்தேன். ஏதாவது வேலை சொல்வார் என்று, போனைக் கவிழ்த்து வைத்தேன். சார்ஜ் இல்லை என்று அக்காவிடம் பொய் சொன்னேன்.'

அன்று அத்தான் நெஞ்சுவலியோடு வீட்டில் தனியாக இருந்தார். அக்கா வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. போன் அவர் கையிலேயே இருந்தது.

ஒருவன், அவன் என்று இழுத்தது போதும். நான்தான்.

சற்றுமுன் அக்கா தாளோடு வந்தாள்.

"ஏன்டா, மரத்துக்கிட்ட சொல்லத் தெரிஞ்சுது. ரெண்டு தெரு தள்ளி இருக்கிற என்கிட்ட சொல்லத் தெரியலையா?"

"ஆண்டவர் எல்லாத்தையும் மன்னிச்சுட்டார்னு நாம நம்புறோம்ல, அக்கா."

"நம்புறேன். உன்னைவிட அதிகமாவே நம்புறேன். ஆனா அவர் மன்னிச்சது தன் கையில ஆணி அடிச்சவங்களை. இந்த ஆணி இறங்கினது என் கையில."

எனக்கு அவமானமாக இருந்தது. கூடவே, இந்த வசனம் எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று பொறாமையாகவும் இருந்தது. என் லட்சணம் இவ்வளவுதான்.

4

முடிவு அ: அக்கா மன்னிக்கிறாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். டீச்சருக்குப் பிடிக்கும். ஆனால் அவளைக் கேட்காமல் அவள் வாயில் மன்னிப்பைத் திணிக்க நான் யார்?

முடிவு ஆ: அக்கா மன்னிக்கவில்லை. இலக்கியப் பத்திரிகைகளுக்குப் பிடிக்கும்.

முடிவு இ: தாளை எரித்துவிட்டு இருவரும்... (எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வருகிறது.)

5

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அக்கா இன்னும் போகவில்லை. தாளை என் மேசையில் வைத்து, "இதுல இருக்கிறதை என் முகத்தைப் பார்த்து வாயால சொல்லு. அப்புறம் நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது" என்றாள். ஒரு பக்கம் முடித்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அரைமணி நேரமாயிற்று. அவளிடம் சொல்ல வேண்டியதை மறுபடியும் வேறு யாரிடமோ, இந்தத் தடவை உங்களிடம், சொல்லித் தொலைத்திருக்கிறேன்.

தயவுசெய்து நீங்கள் என்னை மன்னித்துவிடாதீர்கள். அது உங்கள் வேலையல்ல.

"முடிஞ்சுதா?" கதவுக்கு வெளியே அக்கா.

"முடிவுதான் வரமாட்டேங்குது."

"அது இங்க நின்னுக்கிட்டிருக்கு. எழுந்து வா."

வாசகரே, கதவைத் திறப்பது வரைக்கும் எழுதிவிடலாம் என்று பார்த்தேன். எழுதிக்கொண்டே திறக்க முடியாது போலிருக்கிறது. பேனாவைக் கீழே வைக்கிறேன். மிச்சத்தை நீங்கள்