டயர் உதைக்கிறவர்கள் வர வேண்டாம்

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற கேரவன் வீட்டுக்கு விளம்பரம் எழுதுகிறவர்களை நம்பக் கூடாது என்பதை நோலா மூன்றே வாரத்தில் தெரிந்துகொண்டாள். 'சின்னச் சின்ன வேலை இருக்கிறது' என்றால் கூரை ஒழுகுகிறது. 'பழைய அழகு மாறாதது' என்றால் அடுப்பு எரியாது. 'கைவேலை தெரிந்தவருக்குப் பொருத்தமானது' என்றால், உள்ளே ஏறி நின்றால் கால் தரையைத் துளைத்துக்கொண்டு புல்லைத் தொடும். டாரி ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கேன்டீனில் ஸாஸேஜ் ரோல் சூடு பண்ணிக் கொடுக்கும் அறுபத்து மூன்று வயதுக்காரிக்கு இந்த அகராதியெல்லாம் தேவையே இல்லை. ஆனால் அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டை அதன் சொந்தக்காரர் விற்கப் போகிறார். இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

வாடகைக்கு வேறு வீடு பார்க்காமல் இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் போய் வரிசையில் நின்றாள். ஒரு வீட்டுக்கு நாற்பது பேர். பேத்தி வயசு ஏஜென்ட் பெண்ணொருத்தி வாசலில் நின்று, "ரெண்டு பேர் சம்பாதிக்கிறீங்களா?" என்று கேட்பாள். இல்லை என்றதும் முகத்தில் ஒரு பரிதாபச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைப் பார்க்கிறதற்குக் கன்னத்தில் அறை வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியில் ஆற்றங்கரை கேரவன் பார்க்கில், துணி துவைக்கும் அறைக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியானது. நிரந்தரமாகத் தங்கலாம். ஆனால் கேரவன் அவளுடையதாக இருக்க வேண்டும்.

"சனிக்கிழமைக்குள்ள வண்டியோட வந்துரு நோலா," என்றார் பார்க் மேனேஜர். "ஞாயித்துக்கிழமைன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவேன். மனசு கேக்காதுதான், ஆனாலும் குடுத்துடுவேன்."

திங்கட்கிழமை மத்தியானம், கேன்டீனில் கூட்டம் ஓய்ந்த பிறகு, அவளும் கூட வேலை பார்க்கும் கேலீனும் ஃபோனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேலீன் பெயருக்கேற்ற கேலிக்காரி. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கமெண்ட் வைத்திருந்தாள்.

"இது கேரவனா, கோழிக்கூண்டா? இதைப் பாரேன், படுக்கை மேல ஒருத்தன் படுத்திருக்கான். அவனும் சேத்துத்தானாடி?"

அடுத்த படம் வந்தது. பதினேழு அடி வண்டி, கிரீம் நிறம், பக்கவாட்டில் பழுப்புக் கோடு. நோலாவின் விரல் நின்றது. வண்டியின் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கினாள். வழியில் பின்னால் வருகிறவர்கள் ரேடியோவில் கூப்பிட்டுப் பேசுவதற்காக எல்லோரும் எழுதிக்கொள்கிற மாதிரி, 'நெவ்வும் கொரீனும், சேனல் பதினெட்டு' என்று எழுதியிருந்தது. கொரீன் என்ற பெயருக்கு அடியில் வேறொரு பெயரின் சாயல் தெரிந்தது. அதன் கடைசி எழுத்திலிருந்து பெயின்ட் ஒரு சொட்டு வழிந்து காய்ந்திருந்தது. அந்தச் சொட்டை வழியவிட்டவள் நோலாதான். பத்தொன்பது வருஷத்துக்கு முன், கையில் பிரஷ்ஷோடு, அப்போது புருஷனாக இருந்த நெவில் சொன்ன ஏதோ ஒரு ஜோக்குக்குச் சிரித்தபோது வழிந்தது.

கொரீனோடு போனபோது நெவில் அந்த வண்டியையும் இழுத்துக்கொண்டு போய்விட்டான். பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

விளம்பரம் கொரீனின் பெயரில் இருந்தது. முகத்துக்குப் பதில் ஒரு செம்பருத்திப் பூப் படம். கீழே நாலு வரி. 'காலமானவரின் உடைமை. ஒழுகல் கிடையாது. உடனே விற்க வேண்டும். டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் தயவுசெய்து வர வேண்டாம்.'

"காலமானவர்னா..." கேலீன் குரலைத் தாழ்த்தினாள். "நெவில் போய்ச் சேந்துட்டானா?"

"சேந்துட்டான் போல."

"அழறியா?"

"வெங்காயம்."

"நீ உரிச்சிட்டிருக்கிறது வாழைப்பழம்டி."

ஒரு வார்த்தை சொல்லியனுப்ப ஒருத்தருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் முதலில் அவளைச் சுட்டது. பிள்ளை குட்டி இல்லை, யார் சொல்லுவார்கள்? பதினாறு வருஷம் குடும்பம் நடத்தியவனுடைய சாவு பழைய சாமான் விற்கும் பக்கத்தில் வந்து சேர்ந்தது. அன்றும் மறுநாளும் அவள் தனியாக உட்கார்ந்து அழுதாள். அழுத அழுகையில் அவனை மன்னித்தும் விட்டாள். போகும்போது, "நான் இல்லாம நீ ஆறு மாசம் தாங்க மாட்டே" என்று சொல்லிவிட்டுப் போனானே, அதைக்கூட மன்னித்தாள். அந்த ஒரு வார்த்தையைப் பொய்யாக்குவதற்காகத்தான் பன்னிரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்ந்திருந்தாள்.

அழுது முடித்ததும் புத்தி வேலை செய்தது. கையிலிருக்கும் காசுக்கு ஒழுகாத வண்டி அது ஒன்றுதான். அதன் ஒவ்வொரு திருகாணியும் அவளுக்குத் தெரியும். ஆனால் நோலா என்ற பெயரில் கேட்டால் கொரீன் தெரிந்துகொள்வாள்: பழைய பெண்டாட்டி தெருவுக்கு வந்துவிட்டாள், நான் கழித்துக்கட்டுகிற வண்டிக்குக் கையேந்துகிறாள் என்று. அதற்கு நோலா தயாராக இல்லை. கொரீன் அவளை நேரில் பார்த்ததே கிடையாது. கேலீனே ஃபோனை வாங்கிப் புதுக் கணக்குத் திறந்து, பெவர்லி என்று பெயர் வைத்து, பூனைப் படம் ஒன்றையும் போட்டுக் கொடுத்தாள். 'நிச்சயம் வாங்கிக்கொள்கிறேன், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன்' என்று பெவர்லி எழுதினாள். 'சரி. காஃப்ஸ் ஹார்பர்காரர் ஒருத்தரும் கேக்கிறார். முதல்ல கேட்டது நீங்க, உங்களுக்காக வெச்சிருக்கேன்' என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை லீவு போட்டு, பழைய ஸ்டேஷன் வேகனின் பின் கொக்கிக்குக் கிரீஸ் தடவி, பணத்தைக் கவரில் போட்டுக்கொண்டு யூரங்காவுக்குக் கிளம்பினாள். இரண்டு மணி நேர ஓட்டம். வழியெல்லாம் பெவர்லியாகப் பேசிப் பழகிக்கொண்டாள்.

வீட்டுப் பக்கத்துப் புல்லில் வண்டி நின்றிருந்தது. கதவைத் தட்டினாள். திறந்தது நெவில்.

மெலிந்து, தாடி வெளுத்து, ஒரு செருப்பு மட்டும் போட்டுக்கொண்டு, அவனேதான் நின்றான்.

"நோலா?" என்றான். "அட, உனக்கு யார் சொன்னா?"

செத்தவனுக்குக் கொடுத்த மன்னிப்பை உயிரோடு நிற்கிறவனிடமிருந்து எப்படித் திருப்பி வாங்குவது?

"கொரீன் போயி அஞ்சு வாரம் ஆச்சு," என்றான் அவனே. "கணையத்துல புத்துநோய். கண்டுபிடிச்சு மூணு மாசத்துல முடிஞ்சிடுச்சு. நீ வருவேன்னு நான் நெனைக்கவே இல்ல. ரொம்பப் பெரிய மனசு உனக்கு."

"கேள்விப்பட்டேன்," என்றாள் நோலா. அந்த ஒரு சொல்லோடு பெவர்லி செத்துப்போனாள். இனி நான்தான் அவள் என்று சொல்ல முடியாது. துக்கம் விசாரிக்க வந்தவளாக நின்றுவிட்டாள்.

அவன் டீ போட்டான். "ரெண்டு சர்க்கரைதானே?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போட்டான். அவள் சர்க்கரையை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது. இருந்தும் குடித்தாள்.

"வண்டியை விக்கிறியா?" என்று ஜன்னல் வழியே பார்த்துக் கேட்டாள்.

"வித்துத்தான் ஆகணும். பெர்த்ல கொரீனோட மகன் இருக்கான், கராஜ்ல ஒரு கட்டில் போட்டுத் தரேங்கிறான். எனக்கு இந்த ஃபோன் எழவெல்லாம் தெரியாது, அவ கணக்குலயே போட்டுட்டேன். பத்து மணிக்குப் பெவர்லின்னு ஒருத்தி வரேன்னா. மணி பத்தேகால். இந்தப் பொம்பளைங்க இப்படித்தான்."

"வருவா."

"வருவா, வருவா. வந்து டயரை ஒரு உதை உதைச்சுட்டு, யோசிச்சுச் சொல்றேன்னு போவா. இரு, எங்க இருக்கான்னு கேக்கிறேன்." மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்தினான்.

நோலாவின் மடியிலிருந்த கைப்பை விர்ரென்று அதிர்ந்தது.

"யாரோ கூப்பிடறாங்க பாரு."

"கேலீனா இருக்கும். கேன்டீன்ல சாவி எங்கேன்னு கேப்பா," என்றாள். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எங்க இருக்க இப்போ? டாரிதானா?"

அப்போது சொல்லியிருக்கலாம். எனக்கு வீடு இல்லை நெவ், சனிக்கிழமைக்குள் வண்டியோடு போய் நிற்கவில்லையென்றால் காரில்தான் படுக்க வேண்டும், என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த 'ஆறு மாசம் தாங்க மாட்டே' குறுக்கே வந்து நின்றது.

"ஆத்தங்கரையில ஒரு வீடு வாங்கிட்டேன்," என்றாள். "சின்னதுதான். ஒருத்திக்குப் போதும்."

"பாத்தியா!" என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டான். "நீ கெட்டிக்காரி. நான்தான் கராஜுக்குப் போறேன்."

வண்டியைப் பார்க்கிறாயா என்று அவனாகவே அழைத்துப் போனான். உள்ளே ஏறியதும் அவள் கை தானாக மூலை அலமாரியைத் திறந்து, கூரை சுவரோடு சேரும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தது. தண்ணீர் இறங்கியிருந்தால் பலகை மெத்தென்று அமுங்கும். அமுங்கவில்லை. எல்லா மூலையும் காய்ந்து கெட்டியாக இருந்தது. அடுப்பைத் திருகினாள், எரிந்தது. அந்தப் படுக்கையில் இன்றைக்கே படுத்துத் தூங்கிவிடலாம் போல உடம்பு கெஞ்சியது.

"வாங்கப் போறவ மாதிரியே பாக்கறியே," என்று சிரித்தான்.

"பழக்கம்."

"பேசாம நீயே எடுத்துக்கோயேன். தெரிஞ்ச கைக்குப் போன மாதிரி இருக்கும்." சொல்லிவிட்டு அவனே தலையை ஆட்டினான். "சேச்சே, சொந்த வீடு இருக்கிறவளுக்கு இந்த ஓட்டை வண்டி எதுக்கு?"

"அதானே," என்றாள் நோலா. அந்தச் சொல்லைத் தன் வாயே சொன்னதை அவளால் நம்ப முடியவில்லை.

பின்பக்கம் சுற்றி வந்தார்கள். பெயர்களை அவன் விரலால் தடவிக் காட்டினான். "உன் பேரை எவ்வளவு சுரண்டியும் போகல. அதுக்குக் கொரீன்கிட்ட நான் வாங்கின திட்டு கொஞ்சநஞ்சமில்ல. ஒரு தடவை நலர்பர் ரோட்டுல பின்னால வந்தவனோட ரேடியோவுல பேசிட்டிருந்தேன். 'நானும் நோலாவும்'னு வாய் தவறி வந்துடுச்சு. ஆயிரம் கிலோமீட்டர் அவ என்கிட்டப் பேசலயே!"

சிரித்துக்கொண்டிருந்தவன் அப்படியே அழ ஆரம்பித்தான். நோலா அவன் தோளில் கை வைத்தாள். அழுகிறது கொரீனுக்காக. ஆறுதல் சொல்ல வேண்டியவள் தானா என்று எரிச்சலாக இருந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"சரி, பதினோரு மணி வரைக்கும் பெவர்லிக்காகப் பாப்பேன்," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அப்புறம் காஃப்ஸ்காரனைக் கூப்பிட்டுடுவேன். இருபத்தஞ்சு நிமிஷத்துல வந்துடுவான்."

மணி பத்தே முக்கால். நோலா விடைபெற்றாள். காருக்குப் போகும் வழியில், அவளையும் அறியாமல், வண்டியின் டயரைக் காலால் ஓர் உதை உதைத்தாள்.

"ஏய், என்ன அது?"

"காத்து இருக்கான்னு பாத்தேன்."

"நல்லாத்தான் இருக்கு," என்றான் நெவில். அவள் திரும்பிப் பார்க்காமல் காரை எடுத்தாள்.

இருபது நிமிஷம் ஓட்டி, மாக்ஸ்வில் பெட்ரோல் பங்கில் நிறுத்தினாள். ஒரு ஸாஸேஜ் ரோல் வாங்கினாள், சாப்பிட முடியவில்லை. பதினொன்றுக்கு அவன் கடைசியாக ஒரு முறை கேட்டிருந்தான்: 'வரீங்களா, இல்லையா?' பதில் எழுத ஆரம்பித்து அழித்தாள். மறுபடி எழுதினாள், அழித்தாள். எந்த முகத்தோடு திரும்பிப் போவது? வீடு வாங்கிவிட்டேன் என்று சொல்லி முழுதாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லையே. இப்படியே அரை மணிக்கு மேல் போயிற்று. பதினொன்றே முக்காலுக்கு ஃபோன் அதிர்ந்தது. செம்பருத்திப் பூவும் கொரீனின் பெயரும் வந்தன.

'பெவர்லி, காஃப்ஸ்காரர் பணத்தோட வந்து வண்டியை மாட்டிட்டிருக்கார். டயர் உதைக்கிறவங்க வேண்டாம்னு தெளிவா எழுதியிருந்தேன். நிஜமாவே தலைக்கு மேல கூரை இல்லாம எத்தனையோ பேர் இந்த மாதிரி வண்டிக்கு அலையுறாங்க. உன்னை மாதிரி ஆளுங்களாலதான் அவங்களுக்குக் கிடைக்காமப் போகுது.'

நோலா அதை மூன்று தடவை படித்தாள். தப்பு என்று சொல்ல அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

வெட்கமெல்லாம் அப்போதுதான் கழன்று விழுந்தது. 'நெவ், நான் நோலா. எனக்குத்தான் வேணும். எனக்கு வீடு இல்ல' என்று எழுதி அனுப்பினாள். போகவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். கொரீன் உங்களைத் தடை செய்திருக்கிறார், இனி இவருக்குச் செய்தி அனுப்ப முடியாது என்று வந்தது. யூரங்காவுக்குத் திரும்பிப் போய்ச் சேருவதற்குள் வண்டி கிளம்பியிருக்கும்.

அரை மணி கழித்துக் கேலீன் கூப்பிட்டாள். "என்னடி, வண்டி கெடைச்சுதா?"

"ஒழுகுதுடி," என்றாள் நோலா.