இன்னும் வளரவில்லை

அயோடின் துளி பட்டதும் புழு நெளிவதை நிறுத்தி, பழுப்பேறி, நேராக நீண்டுகொண்டது. அவள் நுண்நோக்கியின் திருகை மெல்லத் திருப்பிக் குடலைத் தேடினாள். கழுத்துக்குக் கீழே முக்கோணம் முக்கோணமாகச் செல்கள். உதடசைய எண்ணி எட்டில் நின்றாள். அடுத்த புழு, அதற்கடுத்தது, கண்ணாடித் தட்டில் இருந்த அத்தனையும் எட்டுதான். சிறிய வகை. முப்பதை ஒட்டி வந்திருந்தால் ரத்தக்குழாய்க்குள் புகும் பெரிய வகை. ஆக, குதிரை தப்பித்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அவள் மறுபடியும் முதல் புழுவிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

முட்டையாக இருக்கும்போது இரண்டு வகையும் ஒரே அச்சு. குதிரை லத்தியை ஜாடியில் போட்டு, மரத்தூள் கலந்து, ஈரம் காயாமல் தெளித்துத் தெளித்து, வெதுவெதுப்பில் வைத்து வளர்த்தால்தான் எது எதுவென்று தெரியும். புதிதாக வந்த பெண் குதிரை அது. முடிவு தெரியும்வரை மற்ற குதிரைகளோடு சேரக்கூடாது, பெரிய வகையென்றால் வந்த இடத்துக்கே அனுப்பிவிடுவேன் என்று லாயத்து முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். மைதானத்துக் கோடியில் ஒரு பழைய கொட்டகையில் தனியாகக் கட்டினார்கள். கால்நடை டாக்டர் விடுமுறையில் போய்விட்டதால், குதிரைக்காரர் நேராக அவளுடைய ஆய்வகத்துக்கே தினமும் சாயங்காலம் போன் செய்தார்.

ஆரம்பத்தில் மேடம் என்றார். எப்போதோ அது அக்கா ஆகிவிட்டது. தீவனத்தை முகர்ந்துவிட்டு விட்டுவிடுகிறது என்பார், மற்ற குதிரைகள் இருக்கும் பக்கமே பார்த்து நிற்கிறது என்பார். நடுவில், நீங்கள் சாப்பிட்டீர்களா என்றும் கேட்பார். அவளை அப்படிக் கேட்க வேறு ஆளில்லை. கணவர் போய்ச் சேர்ந்து வருஷங்களாகின்றன. வயிற்றில் ஒரு புழு பூச்சி தங்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் தீர்த்த மாமியாரும் இப்போது இல்லை. அந்த அம்மாள் இருந்திருந்தால், இவள் ஜாடி ஜாடியாகப் புழு வளர்ப்பதைப் பார்த்து வாயைப் பிளந்திருப்பார். அதைச் சொல்லிச் சிரிக்கவும் வீட்டில் ஆளில்லை. சுவருக்குக் காது உண்டு என்பார்கள், வாய் இல்லையே.

முடிவைச் சொல்லிவிட்டால் நாளைக்குப் போன் வராது.

போன் அடித்தது.

"என்னக்கா, ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"இன்னும் வளரல. நாளைக்குப் பாக்கலாம்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் நம்பிவிட்டார். காலையில் பெய்த மழையைப் பற்றி, தன் முட்டிவலியைப் பற்றியெல்லாம் பேசினார். அவளும் ஒரு தைலத்தின் பெயர் சொன்னாள். வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினாள். விடிந்ததும் அதை நினைக்கவே கூசியது.

அன்று சாயங்காலம் போனில் அவர் குரலே எழவில்லை. "தண்ணியும் குடிக்க மாட்டேங்குதுக்கா. தலையத் தொங்கப் போட்டுடுச்சு. நான் பக்கத்துலயேதான் உக்காந்திருக்கேன், திரும்பிக்கூடப் பாக்கல. மனுசன் இருந்து என்ன பண்றது, அதுக்கு அதோட இனம் வேணும்ல."

மேஜைமேல் நேற்றைய தட்டு காய்ந்து கிடந்தது.

"அவுத்து விட்டுடுங்க," என்றாள். "சின்ன வகைதான், மருந்துக்கு அடங்கிடும். எனக்கு நேத்தே தெரியும்."

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் இன்னும் கொஞ்சம் பேச்சாவது நீளும். அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார் போல. துணி உரசியது. ஈரத்தில் செருப்பு சளக் சளக்கென்றது. தாழ்ப்பாள் விலகியது. பிறகு குளம்புச் சத்தம், முதலில் தயங்கி, அப்புறம் விரைந்து, தூரமாகப் போனது. குதிரை கனைத்தது. எங்கிருந்தோ இன்னொன்று பதிலுக்குக் கனைத்தது, அதன்மேல் மற்றொன்று.

அவர் போனைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. இணைப்பு மட்டும் அறுபடாமல் இருந்தது. அவள் அதைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி, இன்னொரு கையால் தண்ணீர்க் குப்பியை எடுத்து, வேலை முடிந்துபோன அந்த ஜாடிக்கு ஈரம் தெளித்தாள்.