சகாரின் வாய் பட்ட பாத்திரம்

எங்கள் தோக்மோக் ஊர் ஜெபவீட்டில் சகார் ஞானஸ்நானம் பெற்ற அன்று அகாத்தாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சோவியத் காலத்தில் அவள் கணவர் ஹைன்ரிஹ் பிள்ளைகளுக்கு ரகசியமாக வேதம் சொல்லிக்கொடுத்தார். அவரைப் போலீசிடம் காட்டிக்கொடுத்தவன் இந்த சகார்தான். ஹைன்ரிஹ் கைதி முகாமிலேயே இருமி இருமிச் செத்தார்.

திருவிருந்தில் திராட்சரசம் குடிக்க எங்களுக்கு ஒரே பாத்திரம்தான். சகார் குடித்துவிட்டு அகாத்தாவிடம் நீட்டினான். விளிம்பில் அவன் எச்சில் பளபளத்தது. அவள் வாங்கவில்லை. வெளியே போய்ச் சுவரோரம் காறித் துப்பினாள்.

சபை மூப்பர் தீசென் பின்னாலேயே வந்தார்.

"அவன் என்னத்தச் செஞ்சிட்டான் ஐயா? நாலு சொட்டுக் கண்ணீர்! நான் இத்தனை வருஷமா இந்தத் தரையத் தேச்சிருக்கேன், சாவு வீட்டுக்கெல்லாம் சூப் காய்ச்சியிருக்கேன். ரெண்டு பேருக்கும் ஒரே பாத்திரமா?"

"கிருபைன்னாலே சும்மா குடுக்கறதுதானம்மா. உனக்கும் ஆண்டவர் சும்மாதான் குடுத்தார்."

"எனக்குமா?" செருப்பால் அடித்ததுபோல் அவள் முகம் சுருங்கியது.

இது சகார் காதுக்குப் போனது. மறுநாள் ஜெபவீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய கக்கூஸ் குழிக்குள் மண்வெட்டியோடு இறங்கிவிட்டான். "இதைச் சுத்தம் பண்ணிட்டுத்தான் பாத்திரத்தத் தொடுவேன்" என்றான். மூப்பர் தடுத்தும் கேட்கவில்லை. அவன் நிரப்பிக்கொடுத்த வாளிகளை நான் வாங்கிக் கொட்டினேன்.

அகாத்தா தினமும் வந்து நின்றாள். "அந்த மூலையில இன்னும் இருக்கு, வழிச்சு அள்ளு!" என்பாள். அவள் முகத்தில் தெரிந்த திருப்தி, குழியின் நாற்றத்தைவிட எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஒருநாள் சகார் இடுப்பளவு மலத்தில் நின்றபடி நிமிர்ந்து பார்த்தான். புழு ஒன்று அவன் சட்டையில் ஏறிக்கொண்டிருந்தது.

"போதுமாக்கா?"

"போதுமாவா? என் புருஷன் உசுருக்கு இந்தப் பீ ஈடாகுமாடா?"

"ஆகாதுக்கா."

"அப்புறம் எதுக்குடா அள்ளற?"

"என்கிட்ட வேற என்ன இருக்கு?"

புழு காலருக்கு ஏறும்வரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குழியோரப் பலகையில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"தரையத் தேச்சு, சூப் காய்ச்சி நானும் இதத்தான் அள்ளிக்கிட்டிருந்தேன் போல. வாசமா இருக்குன்னு நினைச்சுக்கிட்டு." அவள் யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. சட்டென்று கையை நீட்டினாள். "ஏறி வாடா. போதும்."

"கை அழுக்குக்கா..."

"தெரியுது. வா!"

அவன் கை வழுக்கியது. இறுகப் பிடித்து இழுத்துப்போட்டாள். உடனே திரும்பி, குடல் வெளியே வந்துவிடும்போல் வாந்தி எடுத்தாள். அவன் எட்டப்போய், தலைகுனிந்து நின்றான்.

அடுத்த திருவிருந்தில் அவன் குடித்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக் குடித்தாள். வாயிலேயே நின்றதை வலிய விழுங்கினாள். அன்று அவனோடு ஒரு வார்த்தைகூடப் பேசாமல்தான் வீட்டுக்குப் போனாள்.