அவளே சேர்த்த வரி

நன்றியில் தொடங்கி வாழ்த்தில் முடிகிற ஆங்கிலத்தில் ஒருவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது அவளுக்குக் கைவந்த கலை. அலுவலகக் கடிதமெல்லாம் அவள்தான் எழுதுவாள்.

பன்னிரண்டு வருடம் பக்கத்து மேசையில் இருந்துவிட்டு இப்போது மேலாளராகிவிட்ட தோழி, திங்கட்கிழமை வந்து குழைந்தாள்.

"ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பணும்டி. படிச்சா பாராட்டுற மாதிரி இருக்கணும், ஆனா கிளம்புன்னு புரியணும். பேரை மட்டும் காலியா விடு."

யார் பெற்ற பிள்ளையோ என்று மனசு கேட்காமல், "மிகவும் வருந்துகிறோம்" என்று கடைசியில் ஒரு வரியை அவளாகவே சேர்த்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அதே கடிதம் அவள் மேசையில் கிடந்தது, அவள் பெயரோடு. மற்றதெல்லாம் அவள் எழுதியபடியே இருந்தது. வருந்துகிறோம் என்ற அந்த ஒரு வரியைத்தான் பாவி எடுத்துவிட்டிருந்தாள்.